பிரசவத்தோடு முடியாத சர்க்கரை

2005 முதல் 2007 வரை தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளிடையே பெரிய அளவில் ஒரு சர்க்கரைக் கணக்கெடுப்பு நடந்தது. மருத்துவர் வீ. சேஷையாவும் அவருடைய சகாக்களும் நடத்திய அந்த ஆய்வுக்கு மூன்று பகுதிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. நகரத்துக்குச் சென்னை, அரைநகரத்துக்குச் சைதாப்பேட்டைப் பகுதி, கிராமத்துக்குத் திருவள்ளூர். சென்னையில் சோதித்த 4,151 பேரில் 17.8 சதவீதத்தினருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. அரைநகரத்தில் 3,960 பேரில் 13.8 சதவீதம். கிராமம் என்று கணக்கில் வைக்கப்பட்ட திருவள்ளூரில் 3,945 பேரில் 392 பேர், அதாவது 9.9 சதவீதம். மூன்று எண்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஊர் நகரமாக ஆக ஆகக் கர்ப்பிணியின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது தெரியும். அன்று கிராமமாக எண்ணப்பட்ட மாவட்டத்தில் இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளோடு தேர்வாய் கண்டிகையின் டயர் தொழிற்சாலையும் சேர்ந்திருக்கிறது. கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கங்களில் வயல் இருந்த இடங்களில் கிடங்குகள் எழுந்துள்ளன. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டிக்கும், இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் பெண்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் விடியலுக்கு முன்பே ஓடுகின்றன. அந்த 392 தாய்மாரின் பிள்ளைகள் இன்று இருபதை ஒட்டிய வயதில் இருப்பார்கள். அவர்களில் பெண்பிள்ளைகள் பலர் தாங்களே தாயாகும் பருவத்துக்கு வந்துவிட்டார்கள். கர்ப்பத்தில் சர்க்கரையைக் கண்டுபிடித்து, மருத்துவமும் பார்த்த பிறகு, தாயும் பிள்ளையும் அடுத்த இருபது ஆண்டுகள் எப்படி இருக்கிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கண்டுபிடிப்பதில் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு, பிரசவத்துக்குப் பிறகு இவர்களைக் கைவிட்டுவிடுகிறது என்பது என் வாதம்.

கண்டுபிடிப்பதில் செய்ததை முதலில் மனமாரச் சொல்ல வேண்டும். 1978இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கென்றே தனித் துறை அமைத்தவர் சேஷையா. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்று 2007இல் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டதற்குப் பின்னால் அவருடைய பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. பரிசோதனை மிக எளியது. சாப்பிட்டு வந்திருந்தாலும் வெறும் வயிற்றோடு வந்திருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு மீண்டும் வா என்று சொன்னால், கூலியை விட்டுவிட்டு இரண்டாம் முறை பஸ் ஏறி வரமாட்டாள் என்பதை அறிந்து வகுத்த முறை இது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் நின்று யோசித்தவர்களால்தான் இப்படி ஒன்றை வகுக்க முடியும். 2014இல் மத்திய சுகாதார அமைச்சகமும் இதையே நாடு முழுவதற்குமான நெறிமுறையாக எடுத்துக்கொண்டு, 2018இல் திருத்தி வெளியிட்டது. சேஷையாவின் பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக அறிவிக்கப்பட்டது.

இனி, பிரசவம் முடிந்ததும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்க வேண்டும். அந்த வலு இல்லாத கணையம் தடுமாறும்போது சர்க்கரை ஏறுகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் வெளியேறிவிட்டால் தடை நீங்குகிறது. பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே சர்க்கரை இயல்புக்கு வந்துவிடுகிறது. ஊசியை நிறுத்துகிறார்கள், மாத்திரையை நிறுத்துகிறார்கள், பத்தியச் சாப்பாடு தொடங்குகிறது. ‘சுகர் போயிடுச்சு’ என்று வீடே நிம்மதி அடைகிறது. அந்த நிம்மதியில் பொய் இல்லை. ஆனால் இயல்புக்கு வந்தது ரத்தத்தின் அளவு மட்டும்தான். நெருக்கடி வந்தால் தாங்காது என்று தெரிந்துவிட்ட கணையம் அதே கணையமாகத்தான் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் ஒரு பெண்ணின் உடல், நாற்பது வயதில் தனக்கு என்ன வரக்கூடும் என்பதை இவ்வளவு தெளிவாக முன்கூட்டிச் சொல்லும் வேறொரு தருணம் மருத்துவத்தில் அரிது. அந்த எச்சரிக்கையைக் காதில் வாங்கிவிட்டு, பிள்ளை பிறந்ததும் மறந்துவிடுகிறோம்.

தாய் குறித்த சான்றில் இன்று ஐயத்துக்கு இடமே இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. இதய நோய்க்கான வாய்ப்பு இரு மடங்கு என்று வேறொரு தொகுப்பாய்வு சொல்கிறது. இவை வெளிநாட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம், பக்கத்து மைசூரையே பாருங்கள். அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1997-98இல் கர்ப்பிணிகளாகப் பதிவான பெண்களை ஐந்து ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களில் 37 சதவீதத்தினர் நீரிழிவு நோயாளிகளாகியிருந்தார்கள். இல்லாதவர்களில் 2 சதவீதம். சர்க்கரை இருந்தவர்கள் எண்ணிக்கையில் சிறிய குழு என்பதால் இந்த 37ஐ அப்படியே திருவள்ளூருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அவ்வளவு எளிதில் மறையக்கூடியதல்ல. ஐந்து ஆண்டு என்பது மூத்த பிள்ளை யூகேஜி போகும் காலம். அதற்குள் தாய் நோயாளியாகிவிடுகிறாள்.

இதில் அதிகம் பேசப்படாத ஆபத்து அடுத்த கர்ப்பம். முதல் பிள்ளைக்கும் இரண்டாம் பிள்ளைக்கும் நடுவிலுள்ள மூன்று நான்கு ஆண்டுகளில் தாய்க்கு நிரந்தரச் சர்க்கரை தொடங்கியிருந்து, அது யாருக்கும் தெரியாமல் இருந்தால், இரண்டாம் கரு உருவாகும்போதே கூடுதல் சர்க்கரையில் உருவாகிறது. இதயமும் முதுகுத்தண்டும் மூளையும் உருப்பெறுவது முதல் எட்டு வாரங்களில். நாள் தள்ளிப்போனது உறுதியாகி, சுகாதார நிலையத்துக்குப் போய், கர்ப்பிணிப் பதிவுக்கான பிக்மி நம்பர் வாங்குவதற்குள் அந்த வாரங்கள் கழிந்துவிடும். கருச்சிதைவும் பிறவிக் குறைபாடும் கூடுவது இப்படித்தான். முதல் பிரசவத்துக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை செய்யும் சாதாரண ரத்தப் பரிசோதனை இதை முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடும்.

பிள்ளையின் கதை இவ்வளவு நேரானதல்ல. தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து போகும், இன்சுலின் கடக்காது. வந்து சேரும் அதிகச் சர்க்கரையைச் சமாளிக்கக் கருவின் கணையமே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது, மிஞ்சியது கொழுப்பாகச் சேர்கிறது. டென்மார்க் மருத்துவர் பெடர்சன் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே சொன்ன விளக்கம் இது. ‘ஹேப்போ’ என்ற பன்னாட்டு ஆய்வு, மருத்துவம் தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை ஏறாதவர்கள் என்று அன்றைய அளவுகோல் கருதிய தாய்மாரின் பிள்ளைகளை 10 முதல் 14 வயதில் மீண்டும் தேடிப் பார்த்தது. அந்தத் தாய்மாரில் பலர் இன்றைய அளவுகோலில் கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள், மருத்துவம் பெறாதவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் உடல்பருமன் 19 சதவீதம், மற்றப் பிள்ளைகளில் 10 சதவீதம். குளுக்கோஸைச் சமாளிக்கும் திறன் குன்றியிருந்த பிள்ளைகள் 10.6 சதவீதம், மற்றவர்களில் 5 சதவீதம். தாய்மாரிலோ 52 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு வகையில் சர்க்கரைக் கோளாறு வந்திருந்தது, மற்றத் தாய்மாரில் 20. மைசூர்ப் பிள்ளைகளிலும் இதே போக்கு தெரிந்தது. ஐந்து வயதில் பெண்பிள்ளைகளிடம் தோலடிக் கொழுப்பு கூடியிருந்தது, ஒன்பதரை வயதில் வேறுபாடு இன்னும் விரிந்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. புனேயின் யாஜ்னிக் குழுவினர் பல ஆண்டுகளாகக் காட்டி வருவதுபோல், இந்தியக் குழந்தை எடை குறைவாகப் பிறந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாகவே இருக்கிறது. எடைக்கல்லை மட்டும் நம்பினால் இது பிடிபடாது. கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியம் என்று பூரிக்கும் ஊரில், பிடிபட்டாலும் யாரும் கவலைப்படுவதில்லை.

மருத்துவம் பார்த்தால் இதெல்லாம் தடுபடுமா? இங்கேதான் சான்று நம் விருப்பத்துக்கு எதிராகப் பேசுகிறது. ஆஸ்திரேலியாவில் ஆயிரம் கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முழுக் கவனிப்பும் மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பும் கொடுத்தார்கள். 2005இல் முடிவு வெளியானது. குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு வழக்கமான பக்கத்தில் 4 சதவீதம், சிகிச்சை பெற்ற பக்கத்தில் 1 சதவீதம். அளவுக்கு மீறிப் பெருத்துப் பிறக்கும் குழந்தைகளும் வெகுவாகக் குறைந்தன. சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை நான்கைந்து வயதில் அளந்தபோது, இரு பக்கத்துக்கும் உடல்பருமனில் வேறுபாடு இல்லை. 2009இல் வெளியான அமெரிக்கச் சிகிச்சை ஆய்வின் பிள்ளைகளை ஐந்து முதல் பத்து வயதில் பார்த்தபோதும் பருமனில் வேறுபாடு இல்லை. பெண்பிள்ளைகளிடம் மட்டும் வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றுக் குறைந்திருந்தது. கருவிலேயே காத்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு நீரிழிவு வராது என்று மேடைகளில் சொல்லப்படும் உறுதிமொழிக்கு இந்த ஆய்வுகள் இன்னும் துணை நிற்கவில்லை. இதை மறைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

அப்படியானால் சிகிச்சையே வீண்தானே என்று ஒருவர் கேட்கலாம். வீண் அல்ல. பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்வது, தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறுவது ஆகியவற்றைக் குறைப்பதே அதற்குப் போதுமான நியாயம். பிள்ளைகளிடம் நீண்டகால வேறுபாடு தென்படாததற்கும் காரணங்களை யோசிக்க முடியும். ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் சர்க்கரை மிதமாக ஏறியவர்கள். பரிசோதனை நடந்தது 24 வாரத்துக்குப் பிறகு. அதற்கு முன்பே கருவில் நடந்துவிட்ட மாற்றத்தை அதன் பின்னர் தொடங்கிய சிகிச்சையால் திருப்ப முடியாமல் போயிருக்கலாம். அதனால்தான் சேஷையா குழுவினர் அண்மைக் காலத்தில் பரிசோதனையை முதல் மூன்று மாதத்துக்குள் கொண்டுவரச் சொல்லி எழுதினார்கள். ஐந்து வயது என்பது வேறுபாடு வெளிப்படுவதற்கு மிகச் சிறிய வயதாகவும் இருக்கலாம். இவற்றில் எது முழுக் காரணம் என்பதைவிட, எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கர்ப்பத்தில் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் மட்டும் பார்க்கும் மருத்துவம், பத்துப் பன்னிரண்டு ஆண்டு வளர்ப்பின் வேலையைச் செய்துவிடும் என்று எதிர்பார்த்ததே பிழை. பிரசவத்துக்குப் பின் சிகிச்சை பெற்ற தாயும் பெறாத தாயும் ஒரே வகைச் சாப்பாட்டுக்கும் ஒரே வகை வேலைக்கும்தான் திரும்பினார்கள்.

எல்லாம் பரம்பரை, தாய்க்கு இருப்பது பிள்ளைக்கு வரத்தான் செய்யும் என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. மறுபாதியை அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடியினரிடையே நடந்த ஆய்வு விளக்கியது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்த பிள்ளையைவிட, வந்தபின் பிறந்த பிள்ளைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். தந்தைக்கு நீரிழிவு வந்த வீடுகளில் மூத்தது இளையது என்ற அந்த வேறுபாடு இல்லை. பரம்பரைச் சொத்து இருவருக்கும் ஒன்றுதான். மாறியது கருவறையின் சர்க்கரை. இந்த ஆய்வு எனக்கு நம்பிக்கை தருகிறது. மரபணுவை நாம் மாற்ற முடியாது, ஆனால் இரண்டாம் கர்ப்பத்துக்கு முன் தாயின் சர்க்கரையை இயல்பில் வைக்க முடியும்.

பிரசவத்துக்குப் பின் எது பலன் தருகிறது? அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், முன்பு கர்ப்பகாலச் சர்க்கரை வந்து, இப்போது நோயின் விளிம்பில் இருந்த பெண்களிடம் தீவிரமான உணவு, உடற்பயிற்சிப் பயிற்சி நோயை 53 சதவீதம் குறைத்தது. மெட்பார்மின் மாத்திரை 50 சதவீதம் குறைத்தது. கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரைப் பின்தொடர்ந்த ஆய்வில், முழுமையாகத் தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் நீரிழிவு வந்தது, புட்டிப்பாலை நம்பியவர்களில் பாதி அளவே. இவ்வளவு இருந்தும் நம் மண்ணில் நடந்த முயற்சி தோற்றதைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் 1,601 பெண்களிடம் பிரசவத்துக்குப் பின் ஓராண்டு வாழ்க்கைமுறைப் பயிற்சி நடத்திய ‘லிவிங்’ ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சராசரியாகப் பதினான்கு மாதங்களுக்குள் இரு பக்கத்திலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நிலை மோசமாகியிருந்தது. கொரோனா காலத்தின் இடையூறும் அதில் உண்டு. இதை வைத்து எதுவும் பலிக்காது என்று முடிவு கட்டுவது சரியல்ல. அமெரிக்க ஆய்வின் பெண்கள் பிரசவித்துச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்தவர்கள், அவர்கள் கையில் பச்சைக்குழந்தை இல்லை. நம் ஆய்வின் பெண்களோ இரவு மூன்று முறை எழுந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களிடம் தினமும் அரைமணி நேரம் நட என்று சொல்லிவிட்டு, அந்த அரைமணியை யார் தருவார் என்று கேட்காத திட்டம் எதுவும் பலிக்காது. பதினான்கு மாதங்களிலேயே நால்வரில் ஒருவர் சறுக்குகிறார் என்ற செய்தி, கவனிப்பை உடனே தொடங்க வேண்டும் என்பதற்குச் சான்று. அந்தக் கவனிப்பு அறிவுரையோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கும் சான்று.

தேசிய நெறிமுறை சொல்வது எளிது: பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரம் மீண்டும் குளுக்கோஸ் பரிசோதனை, பிறகு ஆண்டுதோறும் சோதனை. அந்த ஆறாவது வாரம் நம் குடும்ப வழக்கத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். தலைப்பிள்ளை என்றால் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். பதிவும் பரிசோதனையும் கும்மிடிப்பூண்டியில், பிரசவம் திருத்தணியிலோ செய்யாற்றிலோ. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். ஆறாவது வாரத்தில் பதிவு செய்த நர்ஸம்மாவின் எல்லையில் தாய் இல்லை. தாய் இருக்கும் ஊரின் நர்ஸம்மாவுக்கு அவளுடைய சர்க்கரைக் கதை தெரியாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் உருக்காலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்த குடும்பங்களுக்கு இடைவெளி இன்னும் பெரிது. ஆனால் எந்த ஊரிலிருந்தாலும் ஏறத்தாழ எல்லாத் தாயும் தவறாமல் வரும் நாள் ஒன்று உண்டு. குழந்தையின் 45ஆம் நாள் ஊசி. அதே ஆறாவது வாரம், அதே சுகாதார நிலையம். பிள்ளைக்கு ஊசி போடும் நாளில் தாய்க்கும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து ரத்தம் எடுத்தால் போதும். ஒன்பதாம் மாத ஊசி, ஒன்றரை வயது ஊசி, ஐந்து வயது ஊசி ஒவ்வொன்றும் தாயின் ஆண்டுச் சோதனைக்கு வாய்ப்பான நாள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பிற்காலத் தவணைகளும் குழந்தையின் இந்த மாதங்களை ஒட்டியே வருகின்றன. அந்தப் பணத்தைப் பரிசோதனைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. ஏழைத் தாயின் சத்துணவுக் காசைப் பிடித்துவைத்து அவளுடைய ரத்தத்தைக் கேட்பது நியாயமல்ல. அவள் வரும் நாளைப் பயன்படுத்திக்கொண்டாலே போதும்.

தொழிற்பேட்டைக்கென்று தனியாகச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கச் செவிலியரிடையே நடந்த நீண்ட ஆய்வில், இரவு ஷிப்ட் பார்த்த ஆண்டுகள் கூடக் கூட நீரிழிவும் கூடியது. உறக்கமும் சாப்பாட்டு நேரமும் மாறி மாறி வரும் உடல் சர்க்கரையைச் சமாளிக்கத் திணறுகிறது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு முதல் மருந்தே சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடுவது. மூன்று வேளையைச் சிறிதாக்கி, நடுவில் இரண்டு மூன்று முறை சுண்டலோ மோரோ எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கன்வேயர் பெல்ட் முன் நிற்கும் பெண்ணுக்கு மணி அடித்தால்தான் இடைவேளை. அந்த இடைவேளையில் கிடைப்பது சர்க்கரை போட்ட டீயும் பன்னும். கேன்டீனில் தட்டு நிறையச் சோறு இருக்கும், காய் கொஞ்சம்தான். இன்சுலின் போட வேண்டியவளுக்கு அதை வைக்கக் குளிர்ந்த இடமும், போட்டுக்கொள்ள மறைவான இடமும் வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தால், கர்ப்பம் என்று சொல்லவே பயம். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தையும், பால் கொடுக்க இடைவேளையையும் உரிமையாக்கியது. சட்டப்படி அந்த விடுப்புக்கு 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் அந்தக் கணக்கை நிரூபிக்கும் பாரம் அவள் தலையில் விழுகிறது. தாய்ப்பால் தாயின் நீரிழிவைக் குறைக்கிறது என்று ஆய்வு சொல்லும்போது, காப்பகத்தைக் கருணையாக எண்ணுவதற்கு இடமில்லை, அது மருத்துவம். இந்த மாவட்டத்தின் ஆலைகளில் எத்தனையில் அது நடைமுறையில் இருக்கிறது என்பதைத் தொழிற்சாலைகள் ஆய்வாளர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இப்படிப் பின்தொடர்வதற்கும் மறுப்பு உண்டு. நன்றாக இருக்கும் பெண்ணை ஆயுள் முழுக்க நோயாளியாக்கிப் பயமுறுத்துவதா என்கிறார்கள். மாமியார் வீட்டில் ‘சுகர்காரி’ என்ற பேச்சு, பிள்ளை குண்டானால் தாய் மேல் பழி, இவை கற்பனை அல்ல. அதற்கு மருந்து உண்மையை மறைப்பதில் இல்லை, குடும்பம் முழுவதையும் கணக்கில் எடுப்பதில் இருக்கிறது. ஒரே அடுப்பில் சமைத்ததையே கணவனும் சாப்பிடுகிறான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்னபடி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டு. ஆகவே மனைவிக்குச் சோதிக்கும் நாளில் கணவனுக்கும் சோதிப்பது பழியைப் பிரித்துவிடும், பயனும் தரும். பரிசோதனை முறையே சரியில்லை என்பது இன்னொரு மறுப்பு. வெறும் வயிற்றில் செய்யாத சோதனை பலரைத் தவறவிடுகிறது என்று சென்னையிலேயே மருத்துவர் மோகன் தலைமையிலான ஆராய்ச்சிக் குழு சான்றுடன் வாதிட்டிருக்கிறது. அது மதிக்க வேண்டிய வாதம். சோதனையைச் செம்மைப்படுத்துவது பற்றிய விவாதம் நடக்கட்டும். இப்போதுள்ள சோதனையில் பிடிபட்டுவிட்ட பெண்ணைத் தொடர்ந்து கவனிக்க அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது மறுப்பு கிராம சுகாதாரச் செவிலியரின் வேலைப்பளு. இதில் அவர்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. பதிவேடும் கைபேசிச் செயலியும் ஏற்கெனவே அவர்கள் நாளைத் தின்கின்றன. புதிதாக ஒரு பதிவேட்டை அவர்கள் கையில் திணித்தால் இந்தத் திட்டம் காகிதத்திலேயே நிற்கும்.

புதிதாக எதையும் கட்டாமலே இதைச் செய்ய முடியும் என்பதால்தான் வற்புறுத்துகிறேன். கர்ப்பிணிகள் பதிவான பிக்மி ஏட்டில் சர்க்கரை இருந்தவர் யார் என்ற விவரம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிப்போய்ச் சர்க்கரை பார்க்கும் ஊழியர்களும் இருக்கிறார்கள். முன்னதிலிருந்து பின்னதுக்கு அந்தப் பெயர் தானாகப் போய்ச் சேர்ந்தால், நர்ஸம்மா மறுபடி எழுத வேண்டியதில்லை. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடுவதே தொற்றாநோய்ச் சோதனைகளின் வழக்கம். இருபத்துமூன்று வயதில் பிரசவித்தவள் அந்த வலையில் சிக்காமல் ஏழு ஆண்டு போய்விடுகிறாள். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்களுக்கு அந்த வயது வரம்பை எடுத்துவிட வேண்டும். ஆலைகளுக்கே போய்ச் சோதிக்கும் திட்டத்தை 2024இல் அரசு தொடங்கியிருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் அது பெண் தொழிலாளரிடம் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் போதும்: பிள்ளை சுமந்தபோது சுகர் இருந்ததா? பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள், பள்ளியில் மருத்துவக் குழு வருகிறது. மெலிந்த பிள்ளையைத் தேடும் அதே கண் இடுப்பு பருத்து வரும் பிள்ளையையும் தேட வேண்டும். பழி சொல்லாமல், பட்டம் கட்டாமல். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இந்த மாவட்டத்தில் இனிக் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு மருத்துவம் பெறும் தாய்மாரையும் பிள்ளைகளையும் பத்து ஆண்டு தொடர்ந்து பார்க்கும் பொறுப்பை அக்கல்லூரி ஏற்கலாம். சிகிச்சை பெற்ற பிள்ளைகள் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் சான்று ஆஸ்திரேலியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தது. அரிசிச் சோறும் ஷிப்ட் வேலையும் சூழ்ந்த பிள்ளைகளின் கதையை இங்கிருந்துதான் எழுத முடியும்.

இதைப் படிக்கும் தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கர்ப்ப காலத்தில் ஒரு முறையாவது சர்க்கரை கூடுதல் என்று சொல்லியிருந்தால், உணவுக் கட்டுப்பாட்டிலேயே அது அடங்கியிருந்தாலும், பிள்ளைக்கு இன்று எத்தனை வயதானாலும், இந்த மாதமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த குழந்தைக்கு எண்ணம் இருந்தால் நாள் தள்ளிப்போகும் வரை காத்திருக்க வேண்டாம், அதற்கு முன்பே பாருங்கள். மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: ‘பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குச் சுகர் இருந்தது.’ கணவரையும் கூட அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.